ஸ்டட் சாவி

மக்கா,

மழை பிடித்தால் என் மேசை இழுப்பறை மணக்கிறது. ரப்பரும் வியர்வையும் கலந்த பழைய மணம், அடியில் கொஞ்சம் உப்பு. உன் கையுறைதான். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் எடுத்து மாட்டிக்கொண்டு குதிக்கும் என்று அலுவலகத்தில் கொண்டு வைத்தேன். வெயில் நாளில் அது பாட்டுக்குக் கிடக்கும். ஈரக்காற்று அடித்தால் போதும், கோப்புகளின் வாடையையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

நேற்று நாகர்கோவிலில் நல்ல மழை. மதியச் சாப்பாட்டுக்கு இழுப்பறையிலிருந்து கரண்டி எடுக்கும்போதே மூக்கில் அடித்துவிட்டாய். அது போதாதென்று அந்த நேரம் பார்த்து பக்கத்து மேசை அண்ணன் கைபேசியில் ஏதோ வெளிநாட்டு லீக் மேட்ச்சின் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பை முன்பே உறுதி செய்துவிட்ட அணி, கடைசி இடத்தில் கிடக்கிற அணியிடம் மூன்று கோல் வாங்கியிருக்கிறது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"கோடி கோடியா சம்பளம் வாங்குதானுவ. நின்னு வேடிக்க பாக்கானுவ பாரு. இதுக்குப் பேரு ஆட்டமா?"

எதிர் மேசை அக்கா கிழங்குக் கறியைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "வருசம் முழுக்க ஆடணும்லாண்ணே. எல்லா மேட்ச்சுக்கும் உயிரக் குடுத்தா, கடசி மேட்ச்சுக்கு உயிருக்கு எங்க போவான்?"

இருவரும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பிளேயர வச்சுக்கிட்டு நாம எதுக்கு அடிச்சுக்கிடணும்? நீ சொல்லும்மா. லீக்குல எல்லா மேட்ச்சும் முழுசா ஆடுவாங்களா, இல்ல சிலதுல சும்மா ஓடிக் காட்டுவாங்களா?"

விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு வந்தவள் நான். நான்கைந்து வருடம் கிளப்புக்கு ஆடியவள். வாயாடி என்று பேர் எடுத்தவள். எனக்குப் பதில் தெரியாதா? "சோறு ஆறுதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். இழுப்பறையை மூடினேன். மூடினாலும் மணந்தது.

அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டியது அவரிடம் இல்லை. உன்னிடம். அதனால்தான் இந்த மடல். எனக்குச் சுற்றி வளைக்கிற வழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்னை முதலில் பார்த்தது கல்லூரி மைதானத்தில், அணிக்கு ஆள் எடுக்கிற அன்று. கடற்கரை ஊரிலிருந்து ஒருத்தி வருகிறாள், கோலில் நிற்பாள் என்று பி.டி. மேடம் சொல்லியிருந்தார். நீ வந்து பையைத் திறந்து கையுறையை எடுத்தாய். ஐஸ் பிளாண்டில் கட்டி தூக்குகிறவர்கள் போடுவார்களே, முழங்கை வரைக்கும் வரும் கறுப்பு ரப்பர், அது. உன் அண்ணனுடையது. உன் கைக்கு இரண்டு மடங்கு பெரிது. கொட்டாரத்து அரிசிக்கடைக்காரர் மகளான எனக்கு அன்று இருந்த தலைக்கனத்துக்கு அளவில்லை. "என்ன பிள்ளே, மீன் வெட்ட வந்தியா?" என்று கேட்டேன்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா. வாயி நீண்ட மீனு ஒண்ணு கெடக்குன்னு சொன்னாவ. அதான்."

பிறகு பாட்டில் தண்ணீரைக் கையுறையில் ஊற்றித் தேய்த்தாய். சிலுவை போட்டுக்கொண்டாய். இரண்டு கம்பத்தையும் தொட்டாய். நான் அடித்த ஐந்தில் நான்கைப் பிடித்தாய். ஐந்தாவது வெளியே போனது. "வெள்ளம் தொடாத கையில பந்து நிக்காது கேட்டியா" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். அன்று மாலை பேருந்து நிலையத்தில் நீ வாங்கித் தந்த பழம்பொரி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதிலிருந்து உனக்கு முன்னால் நான். கோலுக்கு முன்னே நிற்கிற தடுப்பாட்டக்காரி. என் முதுகைத்தான் நீ எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்லூரி அணி, மாவட்ட அணி, மாநில அணி, கடைசியில் அந்த வெளியூர் கிளப். பெண்களுக்கும் சம்பளம் கொடுத்து லீக் ஆட வைக்கிறார்களாம் என்று கேட்டபோது உன் அம்மா நம்பவில்லை. "பந்து சவுட்டுததுக்கா சக்கரம் எண்ணிக் குடுக்கானுவ?" என்றார்கள். என் அப்பா நம்பினார், ஆனால் வெளியில் சொல்லக்கூடாது என்றார்.

கிளப்பில் நாம் இருந்த அறையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சப்பாத்தியும் பருப்பும். உன் அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொடியை நீ திறந்த அன்று பக்கத்து அறைக்காரிகள் செய்த பெகளத்தில் வார்டன் வரைக்கும் வந்துவிட்டார். நீ வார்டனுக்கும் ஒரு உருண்டை சோறு பிசைந்து கொடுத்தாய். அடுத்த வாரம் அவரே வந்து டப்பாவைக் கேட்டார்.

ஸ்டட் விஷயத்துக்கு வருகிறேன். நம் பூட்ஸின் அடியில் திருகி மாட்டுகிற குமிழ்கள், ஒரு பூட்ஸுக்கு ஆறு. காய்ந்த மைதானத்துக்குக் குட்டை, மழை பெய்த மைதானத்துக்கு நீளம். மாற்றித் திருகுவதற்கு ஒரு சின்னச் சாவி உண்டு. கிளப்பில் இருந்தது இரண்டு சாவி. ஒன்று எப்போதும் தொலைந்திருக்கும். இன்னொன்று உன் கையுறைப் பைக்குள் இருக்கும். எல்லாரும் உன்னிடம் வந்து வாங்கித் தங்கள் ஸ்டட்டைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். என்னுடையதை மட்டும் நீ எனக்குத் தரவே மாட்டாய். என் சோம்பலை அறிந்தவள் நீ. பூட்ஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆறையும் நீயே திருகி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஆட்டிப் பார்ப்பாய்.

"நானே போட்டுக்கிடுவேன்ட்டி, குடு."

"நீ போட்ட லெச்சணம் தெரியும். ஒனக்க ஸ்டட்டு களண்டா எனக்குத்தான் கோலு."

இதுதான் நம்முடைய மேட்ச் நாள் வழக்கம். ஆட்டம் முடிந்ததும் நீயே கழற்றி, மண்ணைச் சுரண்டி, துணியில் முடிந்து வைப்பாய். நான் காலை நீட்டி உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருப்பேன்.

இப்போது அண்ணன் கேட்ட கேள்வி. ஆடுவார்களா, ஆட மாட்டார்களா? ஆட மாட்டார்கள். இது ரகசியமே இல்லை. நமக்கு அந்த சீசனில் பதினான்கு மேட்ச். பயணம், புழுக்கம், முட்டு வலி, மாதவிலக்கு, மஞ்சள் கார்டு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓட எவளால் முடியும்? யாரும் தோற்கவேண்டும் என்று இறங்குவதில்லை. ஆனால் புள்ளிப் பட்டியலில் மேலேயும் போக வழியில்லை, கீழேயும் விழப் பயமில்லை என்று ஆனபிறகு வருகிற மேட்ச்சில், ஜெயித்தே தீரவேண்டும் என்றும் யாரும் இறங்குவதில்லை. தலையால் முட்டப் போகவேண்டிய பந்துக்கு அரை நொடி பிந்துவோம். மோதவேண்டிய இடத்தில் காலைச் சுருக்குவோம். காலை எடுப்பது என்று அதற்குப் பேர். கேலரியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஓடுகிறவளுக்கு மூச்சைக் கேட்டாலே தெரியும். பயிற்சியாளருக்கும் தெரியும். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான், "அடி படாம பாத்து ஆடுங்க பிள்ளைகளே." அதற்கு என்ன பொருள் என்று கேட்கிற ஆள் அணியிலேயே இருக்காது.

பேருந்தில் போகும்போது நான் இதை உன்னிடம் வாதாடுவேன். உடம்பு நம் முதல், அதை வீணாகச் செலவழிப்பது கிறுக்குத்தனம் என்பேன். நீ ஜன்னலில் தலையைச் சாய்த்து, "எனக்கு அது ஒக்காது மக்கா" என்பாய்.

"நீ பெரிய புண்ணியவதி."

"புண்ணியமும் இல்ல ஒரு எளவும் இல்ல. நீங்க பத்து பேரும் பாதி ஆடலாம். கோலுல நிக்கவ பாதி நிப்பாளா? பாதி கோலுன்னு ஒண்ணு உண்டா?"

நீ ஒன்றும் உத்தமி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோல் முன்னால் இருந்தால் பந்தை வைத்துக்கொண்டு பூட்ஸ் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டுவாய். நடுவரோடு வாய்ச்சண்டை போடுவாய். ஒரு முறை காய்ச்சலோடு நின்று நான்கு கோல் வாங்கினாய். அன்று நான் குத்திக்காட்டினேன். முழுசா ஆடுவேன்னியே, எங்கட்டி முழுசு? நீ போர்வைக்குள்ளிருந்து சொன்னது இதுதான். "முழுசுன்னா என்னட்டி? அண்ணைக்கு உள்ளது எம்புட்டோ அம்புட்டு. எனக்கு இண்ணைக்கு உள்ளது இம்புட்டுதான். ஒளிச்சு வச்சது ஒண்ணும் இல்ல."

நான் எழுந்து உன் நெற்றித் துணியை நனைத்துப் போட்டேன்.

அந்தக் கடைசி மேட்ச்சுக்கு வந்துவிட்டேன். நாம் பட்டியலில் நடுவில். எதிரணி ஜெயித்தால்தான் லீக்கில் தங்கும். நமக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஆனால் நம் இரண்டு பேருக்கும் எட்டாம் நாள் வேறொன்று இருந்தது. வேலைக்கான தேர்வு ஆட்டம். இப்போது நான் இருக்கிற இந்தத் துறையின் மகளிர் அணிக்கு ஒரு கீப்பரும் ஒரு தடுப்பாட்டக்காரியும் வேண்டும் என்று இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்திருந்தன. அன்று உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பின் நான் பார்க்கவே இல்லை. உன் கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

"ரெண்டு மேசையும் பக்கத்துல பக்கத்துல போடச் சொல்லணும்" என்றாய். "நீ எழுது. நான் சீலு குத்துகேன். மத்தியானம் எனக்க கறி ஒனக்கு, ஒனக்க கறி எனக்கு."

மேட்ச் அன்று காலையிலிருந்தே மழை. நீ வழக்கம்போல் என் பூட்ஸை ஒவ்வொன்றாக மடியில் வைத்து நீள ஸ்டட் ஆறையும் திருகினாய். கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்தாய். "நிக்கும்" என்று சொல்லி என் காலடியில் வைத்தாய். பயிற்சியாளர் அவருடைய வாசகத்தைச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். நீ கையுறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய், மழையில் நின்றுகொண்டு. பார்த்துச் சிரித்தேன்.

முதல் பாதி முழுக்க நான் கணக்காகத்தான் ஆடினேன். என் தலைக்குள் எட்டாம் நாள் ஓடிக்கொண்டிருந்தது. முட்டு போனால் வேலை போச்சு. அப்பாவுக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து கடை மூடிக் கிடந்தது. இதையெல்லாம் நியாயமாகச் சொல்லவில்லை. அன்று என் தலைக்குள் இருந்தது என்னவென்று சொல்கிறேன். இரண்டாம் பாதியில் பாதி நேரம் தாண்டியபோது நடுக்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. எனக்கும் அவர்களுடைய முன்கள ஆளுக்கும் நடுவில் விழுந்து சேற்றில் நின்றது. அவள் ஆள் கனம். ஸ்டட்டைக் காட்டிக்கொண்டு வந்தாள். பந்து என் காலுக்குத்தான் பக்கம்.

என் கால் போகவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன்.

அவள் என்னைத் தாண்டினாள். பின்னால் உன் சத்தம் கேட்டது. நீ கோலை விட்டு ஓடிவந்து அவள் காலடியில் விழுந்தாய். அப்படி விழ வேண்டிய தேவை அந்த மேட்ச்சில் நம்மில் யாருக்கும் இல்லை. பந்து உன் தோளில் பட்டு மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவள் முழு எடையோடு உன் வலது கையில் விழுந்தாள். சேற்றில் உட்கார்ந்து இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாய்.

"என்னாச்சுட்டி?"

உன் கையைப் பற்றி நீ கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் கேட்டாய்.

"வழுக்கிட்டு மக்கா" என்றேன். வாயில் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை.

உடைமாற்றும் அறையில் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். வண்டி வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாய். அந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை உனக்கு. இடது கையால் என் பூட்ஸை இழுத்துத் திருப்பினாய். ஆறு ஸ்டட்டும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை. நீ கட்டைவிரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுத்தாய். நீ திருகிய ஸ்டட் வழுக்கியது என்று உன்னிடமே சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நின்றிருக்கும் அந்தப் பொய். "செரி" என்று பூட்ஸைக் கீழே வைத்தாய். அன்று என் ஸ்டட்டை நானே கழற்றிக்கொண்டேன்.

எட்டாம் நாள் தேர்வுக்கு நான் மட்டும் போனேன். கட்டுப்போட்ட கையோடு நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வந்து ரயிலேற்றிவிட்டாய். என் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னாய். "பின்னால நான் இல்லன்னு நெனச்சுப் பயப்படாத. ஒழுங்கா ஆடு." நான் ஒழுங்காக ஆடினேன். வேலை கிடைத்தது. கீப்பர் இடத்துக்கு வேறு ஊர்க்காரி ஒருத்தியை எடுத்தார்கள். உனக்கு மறுபடி கடிதம் வரவில்லை.

மணிக்கட்டில் சின்ன எலும்பு. ஒட்டவில்லை. அறுத்துக் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை பின்னால் மடங்கவே இல்லை. மடங்காத கையோடு கோலில் நிற்க முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். கையுறையைத் துவைத்து, காயவைத்து, எடுத்து வைத்துவிட்டாய். கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனிதர். ஒருநாள் உன் வீட்டுக்கு வந்தபோது நீ அடுக்களையில் இடது கையால் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாய். "வலது கையி திருவ ஒக்காதுட்டி, வலிக்கும்" என்றாய், உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. நான் திருவலகை வாங்கிக்கொண்டு திருவினேன். சிரட்டை தெரிகிறவரைக்கும் திருவினேன். நீ கையைத் தட்டி நிறுத்தினாய்.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் கை நிறைய எதையாவது தூக்கிக்கொண்டு வந்தேன். உன் பிள்ளைக்குச் சட்டை, உனக்குப் புடவை, முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வற்றல். நீ கேலி செய்தாய். "எதுக்குட்டி இம்புட்டு? நான் என்ன பேறுகாலமா கெடக்கேன்?" எத்தனை வருடம். ஒரு தடவை சொல்லியிருக்கலாம். கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் சொல்லியிருக்கலாம். மீன் சந்தைக்குக் கூடப் போகும்போது சொல்லியிருக்கலாம். ஊரில் உள்ள பேச்செல்லாம் பேசுகிற இந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காதது என்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

போன வருடம் உனக்கு வந்த நோயைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. வயிற்றில் தொடங்கி ஈரலுக்குப் போனது. மருத்துவமனைக் கட்டிலில் நீ இருந்த இருப்பைப் பார்த்தால், கோலை நிறைத்து நின்ற ஆளா இது என்று இருக்கும். நான் அலுவலகத்திலிருந்து மதியம் மதியம் வந்து போய்க்கொண்டிருந்தேன். கடைசியாகப் பேசிய அன்று உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீ கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளுட்டி."

"அண்ணைக்கு வழுக்கிச்சா?"

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். சொட்டுச் சொட்டாக இறங்குகிற குளுக்கோஸையே பார்த்தேன். சாகக் கிடக்கிறவளிடம் போய் அதைச் சொல்வதா, சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போவாள் என்று பயம். அன்று முட்டுக்குப் பயந்தேன். இன்று முகத்துக்குப் பயந்தேன்.

"ஆமாட்டி. நல்ல மழைல்லா அண்ணைக்கு."

கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை. "செரி. சவத்த விடு. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு துணிப்பை. "தங்கச்சி, இது ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தா" என்றார். கையுறைகள். வலது கையுறைக்குள் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. கவிழ்த்தேன். ஸ்டட் சாவி உள்ளங்கையில் விழுந்தது. ஓரம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

"'இனி வழுக்காதுன்னு சொல்லிக் குடுங்க'ன்னா. நான் என்னதுன்னு கேட்டேன். 'அவளுக்குத் தெரியும்'னு சொன்னா. எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல்ல தங்கச்சி. ஒங்களுக்குத் தெரியுமா?"

"பழைய வெளையாட்டு அண்ணா" என்றேன். அவர் கலங்கிய கண்ணோடு சிரித்தார். அவருக்குத் தெரியாது. அத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம்கூட நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை என்பது, அன்று அவர்கள் என் தலையைக் கோதி, "எனக்க மவளுக்குத் தொணையா நீ இருந்தியே மக்ளே, அது போரும்" என்று சொன்னபோது தெரிந்தது. அந்தக் கைக்குக் கீழே என்னால் தலையை வைத்திருக்க முடியவில்லை.

நீ சொல்லி அனுப்பியது கேலியா, மன்னிப்பா, இல்லை மூன்றாவது தடவையாகக் கேட்கிறாயா? இந்த ஆறு மாதமாக மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். உன் குரலில் கேட்டால் மூன்றும் பொருந்துகிறது. நேரில் சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன். அந்த வழியையும் நான்தான் அடைத்தேன்.

இன்று காலை அலுவலகம் போனதும் அந்த அண்ணனிடம் நானாகவே பேச்செடுத்தேன். "நேத்து கேட்டீங்கல்லாண்ணே. எல்லா மேட்ச்சும் முழுசா ஆட மாட்டாங்க. முடியவும் செய்யாது."

"பாத்தியா, நான் சொன்னேன்லா" என்றார் எதிர் மேசை அக்காவிடம், முடியாது என்று நேற்று சொன்னது அந்த அக்காதான் என்பதை மறந்து.

"ஆனா பின்னால ஒருத்தி நிப்பா. அவளுக்குப் பாதி ஆடத் தெரியாது."

"யாரு?"

"கீப்பர்."

"அது செரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பைத் திறந்தார். நல்ல மனிதர். அவர் மேசை என் மேசைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அவர் கறியை எனக்கு நீட்டும்போதெல்லாம் நான் வேண்டாம் என்றுவிடுவேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது, கோபித்துக்கொள்வதும் இல்லை.

கையுறை இழுப்பறையில். சாவியை வீட்டுச் சாவிகளோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் முதலில் விரலில் தட்டுப்படுவது அதுதான். மகள் கேட்டாள், இது எந்தப் பூட்டுக்கம்மா என்று. எந்தப் பூட்டுக்கும் இல்லை, ஒரு ஆளுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, அதற்காக வைத்திருக்கிறேன் என்றேன்.

நீ இரண்டு தடவை கேட்டாய். சேற்றில் உட்கார்ந்து ஒரு தடவை, கட்டிலில் கிடந்து ஒரு தடவை. பதில் இதுதான் மக்கா. அண்ணைக்கு எனக்கு வழுக்கல்ல. நான் கால எடுத்தேன். நீ மாட்டித் தந்த ஆறும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன.